விண்டோஸ் மாற்றிய பிறகு ஃபைலைக் காணோமா? முதலில் கையை எடுங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் 'கம்ப்யூட்டர் நிபுணர்' என்று அறிமுகப்படுத்தினார். அது அவருடைய பெருந்தன்மை. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ரிட்டையர் ஆனவன். கையால் லெட்ஜர் எழுதிய காலத்தையும் பார்த்தேன், எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன காலத்தையும் பார்த்தேன். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பக்கத்தில் போய்த் தேடுவது என்ற பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. ஃபைல் தேடுவதற்கும் அது போதுமானதாக இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி நம் குடியிருப்பில் நிறைய பேர் ஆளைக் கூப்பிட்டு 'ஓ.எஸ். மாத்தி' இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. "சார், சிஸ்டம் இப்ப நல்லா ஸ்பீடா இருக்கு. ஆனா என் ஃபைல் ஒண்ணையும் காணோம்."

நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது, "இப்ப அந்த மெஷின்ல என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?" என்பதுதான். பாதிப் பேர் எதையாவது டவுன்லோட் செய்துகொண்டிருப்பார்கள். சிலர் பேரனுக்கு கேம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஃபைல் காணோம் என்று தெரிந்த நிமிடமே அந்த மெஷினில் எதையும் புதிதாகப் போடாதீர்கள், சேமிக்காதீர்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஷட் டவுன் செய்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

ஏன் என்று எங்கள் பழைய லெட்ஜரை வைத்துச் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கு லெட்ஜரின் முன்பக்கத்தில் இண்டெக்ஸ் இருக்கும். பெயர், அதற்கு நேரே ஃபோலியோ நம்பர். கவுன்டரில் வாடிக்கையாளர் நின்றால் இண்டெக்ஸைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் திருப்புவோம். யாரோ இண்டெக்ஸில் ஒரு பெயரை அடித்துவிட்டால் அந்த ஆளின் பக்கம் அழிந்துவிடுமா? பக்கம் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை நீக்குவது பெரும்பாலும் இதுதான். சாதாரணமாகச் செய்கிற 'குவிக் ஃபார்மட்' என்பது பழைய இண்டெக்ஸை எடுத்துவிட்டுப் புது இண்டெக்ஸ் வைப்பது. உள்ளே பக்கங்கள் பழைய எழுத்தோடு கிடக்கும். ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் அவை காலிப் பக்கங்கள். நீங்கள் டவுன்லோட் செய்கிற படம் போய் அதன் மேலேயே உட்காரும். உட்கார்ந்த பிறகு மீட்க வழியில்லை. முழு ஃபார்மட் வேறு விஷயம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, முழு ஃபார்மட் கொடுத்தால் எல்லாப் பக்கத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. அதன் பிறகு தேடுவது வீண்.

அடுத்து, வேலை செய்த ஆளுக்குப் போன் போடுங்கள். சண்டை போட அல்ல, தகவல் கேட்க. சண்டை போட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். மூன்று கேள்விகள் கேளுங்கள். சி டிரைவை ஃபார்மட் செய்தீர்களா, செய்யாமல் மேலேயே போட்டீர்களா? டி டிரைவைத் தொட்டீர்களா? டிஸ்க்கையே மாற்றினீர்களா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இப்போது 'ஸ்பீடு ஆக்கித் தர்றேன்' என்றாலே பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதுதான் வழக்கம். அப்படியென்றால் உங்கள் ஃபைல்கள் எல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில் சௌக்கியமாக இருக்கின்றன. அது கடைக்காரர் மேஜை டிராயரில் இருக்கும், அவ்வளவுதான். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அதேபோல் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் ஆதார் நகல் இருக்கிறது, பான் கார்டு இருக்கிறது, பாஸ்புக் ஸ்கேன் இருக்கிறது. பணத்தோடு கூடிய பர்ஸை யாராவது கடையில் விட்டு வருவார்களா? வாங்கிய டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டுப் பென் டிரைவ் மாதிரியே செருகிப் பார்க்கலாம்.

டிஸ்க்கை மாற்றவில்லை, ஃபார்மட்டும் செய்யவில்லை என்றால் நல்ல செய்தி. சி டிரைவைத் திறந்து 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். பழைய விண்டோஸை மொத்தமாக மூட்டை கட்டி அதில்தான் வைத்திருக்கும். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பழைய பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தியவர்களுக்கு உங்கள் முழுப்பெயர் அங்கே இருக்காது, இமெயில் முகவரியின் முதல் 5 எழுத்து மட்டும் ஃபோல்டர் பெயராக இருக்கும். 'இது யாரோ' என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே நுழைய அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' அழுத்துங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருந்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

இதில் ஒரு கெடு இருக்கிறது. புது பதிப்புக்கு மாறிய 10 நாளில் விண்டோஸ் தானாகவே இந்த மூட்டையைத் தூக்கி எறிந்துவிடும். 'டிஸ்க் கிளீனப்' செய்தால் அன்றைக்கே போய்விடும். ஆகவே பார்த்தவுடன் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சி பிளாக்கில் இருக்கும் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டது எட்டாவது நாள். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். கணவர் தவறிப்போய் இரண்டு வருஷம். அவருடைய லேப்டாப் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெரியவர் கடைசி மூன்று வருஷமாகத் தன் குடும்பக் கதையைத் தமிழில் டைப் செய்துவந்தார். அவருடைய தாத்தா ஊரைவிட்டுக் கிளம்பியது, நிலத்தை விற்றது, எந்த அத்தை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம். பிரிண்ட் எடுக்கவில்லை. முடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது டெஸ்க்டாப்பில் குப்பைத் தொட்டிப் படம் ஒன்றுதான் இருந்தது.

அவர்கள் நல்ல நேரம், அந்த ஆள் ஃபார்மட் செய்யாமல் மேலேயே போட்டிருந்தார். விண்டோஸ்.ஓல்ட் இருந்தது. உள்ளே போய்த் தேடினால் அறுபது பக்க வேர்ட் ஃபைல் இருந்தது. திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனும் கலந்து, யாரோ கீபோர்டில் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு குப்பை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுவும் போச்சா சார்?" என்று கேட்டார்கள்.

போகவில்லை. நம்மில் பலருக்கு இது நேரும் என்பதால் கவனித்துக் கேளுங்கள். யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் நாம் தமிழ் டைப் செய்தது பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில். பழகிய கை பிறகும் அதிலேயே அடித்தது. அவற்றில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் விண்டோஸோடு வராத அந்த எழுத்துரு போய்விடும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்தவர்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது, பழைய 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் புதிதில் நிறுவுவது. விண்டோஸ்.ஓல்ட் இருக்கும்போது எழுத்துருவும் அதற்குள்ளேயே இருக்கும். நிறுவிவிட்டு ஃபைலை மூடித் திறந்தேன். முதல் வரியிலேயே அவருடைய ஊர்ப்பெயர் தமிழில் வந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டார்கள். அந்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆகவும் எடுத்து, அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பிய பிறகுதான் நான் கிளம்பினேன்.

சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டார்கள் என்றால் முதலில் டி டிரைவைப் பாருங்கள். பெரும்பாலும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். சில சமயம் டி டிரைவே கண்ணில் படாது. அதற்கான எழுத்து மாறியிருக்கும், அல்லது எழுத்தே கொடுக்கப்படாமல் இருக்கும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் போய் ஓர் எழுத்து கொடுத்தால் வந்துவிடும். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?' என்று ஒரு பெட்டி வந்தால் மட்டும் தயவுசெய்து 'கேன்சல்' அழுத்துங்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கம் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

48 இலக்க எண் ஒன்று கேட்டால் பயப்படாதீர்கள். அது பிட்லாக்கர் என்ற பூட்டு. புது லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் நம்மைக் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்படுகிறது. சாவி பெரும்பாலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்தில் இருக்கும். வேறு ஒரு போனிலிருந்தே நுழைந்து பார்க்கலாம். அந்த எண் இல்லாமல் பூட்டிய டிஸ்க்கை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

ஃபைல்கள் ஒன்டிரைவில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் விண்டோஸ் அங்கே நகல் வைத்திருக்கலாம். சர்வீஸ் ஆள் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தன் கணக்கையோ வேறு கணக்கையோ போட்டுக் கொடுத்திருந்தால், உங்கள் சரக்கு உங்கள் கணக்கில் இருக்கும், மெஷினில் தெரியாது. உங்கள் இமெயிலில் நுழைந்து பாருங்கள். அங்கே நீக்கியிருந்தாலும் அதன் குப்பைத் தொட்டியில் 30 நாள் வைத்திருப்பார்கள். கூகுள் டிரைவிலும் 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள்.

இவை எதிலும் இல்லையென்றால்தான் மீட்பு மென்பொருள். நாலைந்து பெயர் சொல்கிறேன், எல்லாம் இலவசம் அல்லது இலவசப் பதிப்பு உள்ளவை. மைக்ரோசாஃப்டே 2020-இல் வெளியிட்ட 'விண்டோஸ் ஃபைல் ரிக்கவரி' இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்ய வேண்டும், நம் வயதுக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். 'ரிக்குவா' கொஞ்சம் சுலபம். பார்ட்டிஷனே காணாமல் போனால் 'டெஸ்ட்டிஸ்க்'. போட்டோ, வீடியோவுக்கு 'போட்டோரெக்'. போட்டோரெக் இண்டெக்ஸையே பார்க்காது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இது படம் மாதிரி இருக்கிறதே என்று எடுத்து வைக்கும். அதனால் பழைய பெயர்கள் வராது, எல்லாம் எண்களாக வரும். 'கல்யாண ஆல்பம்' என்று நீங்கள் வைத்த பெயரைத் தேடாதீர்கள். கேமரா எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், தேதிவாரியாக அடுக்கினால் ஓரளவுக்குக் கல்யாணம் கல்யாணமாக வந்து சேரும். பெரிய டிஸ்க் என்றால் ஸ்கேன் முடியப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுவிடலாம்.

மென்பொருளை எங்கே நிறுவுவது என்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது, மீட்ட ஃபைலை அதே டிஸ்க்கில் சேமிக்கவும் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகி, வேறொரு வெளி டிஸ்க்கில் சேமிப்பதே முறை. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மென்பொருள் பக்கமே போக வேண்டாம். அது இயந்திரக் கோளாறு, ஓட ஓட மோசமாகும்.

எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு நான் நல்ல வார்த்தை சொல்ல முடியாது. லெட்ஜர் உதாரணத்தில், எஸ்.எஸ்.டி.யில் ஓர் அதிசுறுசுறுப்பான அட்டெண்டர் இருக்கிறார். இண்டெக்ஸில் அடித்த பெயருக்கான பக்கத்தை உடனே கிழித்து, புதுத் தாள் வைத்துவிடுவார். இதற்கு 'டிரிம்' என்று பெயர். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்தபின் மீட்பது அநேகமாக நடக்காது. டி பிளாக்கில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு இப்படித்தான் ஆயிற்று. எதுவும் திரும்பவில்லை.

ஆனால் அந்தத் தம்பியோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். இழந்ததை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுத எழுத, பாதி இழப்பே இல்லை என்று தெரிந்தது. வருமான வரி ரிட்டர்ன் அந்த இணையதளத்திலேயே இருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்டை வங்கி தரும். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை தளத்தில் மறுபடி எடுக்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரில் வரும். வீட்டுக் கடன் பேப்பர்கள் பழைய இமெயிலில் இணைப்பாகக் கிடந்தன. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் ஊரில் மாமனார் போனில் வாட்ஸ்அப்பில் வந்தவை, தரம் கொஞ்சம் குறைவு, இருந்தாலும் இருந்தன. கடைசியில் தாளில் அடிக்காமல் நின்றது இரண்டு வரி. அதில் ஒன்று, அவருடைய அப்பா பேசிய குரல் பதிவு. அதற்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

நம் சங்கத்தின் கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பொருளாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதில் டேலியில் ஆறு வருஷத்துக் கணக்கு இருக்கிறது. டேலி டேட்டா டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்காது. டேலி பிரைம் வழக்கமாக வைப்பது சி டிரைவில், 'யூசர்ஸ்' என்பதற்குள் 'பப்ளிக்' என்ற ஃபோல்டரில். ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டராக இருக்கும். தெரியாத ஆள் 'இது என்ன நம்பர்' என்று விட்டுவிடுவார். ஓ.எஸ். மாற்றுமுன் டேலிக்குள்ளேயே பேக்கப் எடுங்கள். மாற்றிவிட்டிருந்தால் அந்த எண் ஃபோல்டரை முழுதாக எடுத்துப் புது டேலியின் டேட்டா ஃபோல்டரில் வைத்தால் கணக்கு திறக்கும்.

பேக்கப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூமுக்கு டூப்ளிகேட் சாவி உண்டு. அது அதே கிளையில் இருக்காது, இன்னொரு கிளையில் கொடுத்து வைத்திருப்போம். வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து லேப்டாப் பைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் அதை யோசித்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஒரு காப்பி மகள் வீட்டில் இருக்கட்டும்.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகளையும் சேர்த்து எழுதச் சொன்னார் செயலாளர்.

ஏ பிளாக் நண்பர் ஒருவர், 'ரீசெட் திஸ் பிசி' என்று விண்டோஸிலேயே இருக்கிறதே, அதைச் செய்தால் ஃபைல் போகுமா என்று கேட்டார். அது இரண்டு வழி கேட்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போகும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாம் போகும். அதோடு டிரைவைச் சுத்தம் செய்யவா என்று கேட்பதற்கும் சரி சொன்னால் மீட்பதற்கும் வழி இருக்காது. லேப்டாப்பை விற்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள்.

இன்னொரு அம்மா, கூகுளில் தேடி வந்த நம்பரில் ஒருவர் போனிலேயே மீட்டுத் தருகிறேன், ஒரு ஆப் போடுங்கள் என்கிறார், போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். உங்கள் திரையை அவர் கையில் கொடுக்கிற ஆப் அது. ஃபைலோடு சேர்த்து பேங்க் பேலன்ஸையும் தேட வேண்டிவரும். ஏற்கெனவே போட்டு, பணமும் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அதே கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். ஃபைல் விஷயத்துக்கு, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் சங்க அறைக்கு வாருங்கள். காலியாக ஒரு வெளி டிஸ்க்கும் கொண்டுவாருங்கள், என்னிடம் இருப்பது நிரம்பிவிட்டது.